பின் கதவில் இறங்கியவள்

மேளதாளத்தோடு ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இந்தத் திருவள்ளூர் வட்டாரத்தில் என்னைத் தவிர வேறு யாராவது உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆளுயர ரோஜா மாலை, நாதஸ்வரம், ரோட்டின் இரண்டு பக்கமும் காகிதக் கொடி பிடித்த பிள்ளைகள், அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு போட்ட தலைமை ஆசிரியர். அத்தனையும் ஒரு டிரைவர் மகளுக்கு. சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்ப மாட்டேன் என்கிறார்கள். நம்பாவிட்டால் போகட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் கொடுத்த மரியாதையை அந்தப் பள்ளிக்கூடம் என்னிடமிருந்து எப்படிப் பிடுங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கம் போகிற வழியில், கல்கத்தா ரோட்டை ஒட்டியே இருந்தது அந்த நடுநிலைப்பள்ளி. எழுபதுகளின் ஆரம்பம் அது. வேர்க்கடலையும் நெல்லும் போட்டுக்கொண்டிருந்த நிலத்தையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். தொழிற்பேட்டை வருகிறது, தொழிற்பேட்டை வருகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்தது. தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அதைப் பார்க்கிறவர்கள் வந்தார்கள். மெட்ராஸிலிருந்து யாராவது ஒரு பெரியவர் காரில் வந்து மேட்டில் நின்று, கையை நீட்டிக் கிழக்கே காட்டுவார், மேற்கே காட்டுவார், இளநீர் குடித்துவிட்டுப் போய்விடுவார். அவர் வரும்போது ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை, எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரோட்டோரம் நின்று கொடி ஆட்ட வேண்டும். வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குக்கூட வரவேற்புப் பாட்டு தலைகீழாகத் தெரியும்.

காரில் வருகிறவர்களுக்குத்தான் இதெல்லாம். பள்ளிக்கூடத்துக்கு நடந்து வருகிற புதுசுகளும் இருந்தார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள், ரயில்வேக்காரர் பிள்ளைகள், ஆந்திராப் பக்கமிருந்து வந்து தமிழ் சரியாக வராத பிள்ளைகள். அவர்களுக்கு வேறு விதமான வரவேற்பு. மண்டையில் குட்டு, பையைத் தூக்கிக் கிணற்றடியில் போடுவது, சட்டைக்குள் கட்டெறும்பு விடுவது. காரில் வந்தால் கொடி, நடந்து வந்தால் குட்டு. இதில் ஒரு குழப்பமும் இல்லாமல் பள்ளிக்கூடம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது, நான் போய்ச் சேரும் வரைக்கும்.

என் அப்பா மெட்ராஸ் முதலாளி ஒருவரிடம் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். முதலாளி அந்தப் பக்கம் தொழிற்சாலை கட்ட இடம் வாங்கியதால், திருவள்ளூரில் இருந்த எங்களைத் தூக்கிக்கொண்டு வந்து கும்மிடிப்பூண்டியில் ஒரு அரிசி மில்லுக்குப் பின்னால் குடிவைத்தார் அப்பா. நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். அதோடு போதும் என்பது அப்பாவின் முடிவு. கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் ஐந்துக்கு மேல் படித்ததில்லை, அவ்வளவுதான். அம்மாதான் விடவில்லை.

"போர்டு படிக்கத் தெரியாம பூந்தமல்லி பஸ்ஸுன்னு ஊத்துக்கோட்ட பஸ்ல ஏறி, கைக்கொழந்தையோட நடுரோட்ல நின்னவ நானு. அவளும் அப்டியே நிக்கணுமா?" என்று அம்மா அடுப்படியில் கரண்டியைப் போட்டாள். போட்ட சத்தத்தில் அப்பா இறங்கி வந்தார். வந்தாலும் ஒரு நிபந்தனையோடுதான் வந்தார்.

"சேத்து வுடறேன். ஆனா ஒருநாள், ஒரே ஒருநாள், அவன் அடிச்சான் இவ கிள்னான்னு அழுதுகினு வந்தியானா அன்னியோட சரி. டி.சி.ய வாங்கிகினு ஊட்ல குந்தி தம்பியப் பாத்துக்கோ. இந்த பேஜார்லாம் எனக்கு ஆவாது."

நான் தலையாட்டினேன். எனக்குப் படிப்பு பிடிக்கும். தம்பியையும் பிடிக்கும்தான், ஆனால் நாள் முழுக்க இடுப்பில் வைத்துக்கொள்கிற அளவுக்கு இல்லை. அழுதால் படிப்பு போச்சு. இந்த ஒன்றை மட்டும் மனசில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

பள்ளி திறந்த அன்று காலையில் முதலாளியை மேட்டில் இறக்கிவிட்டு வந்த அப்பாவுக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. முதலாளி நிலம் அளக்கிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார், அதற்குள் மகளைக் காரிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். முன் சீட்டில் முதலாளியின் பழக்கூடையும் தெர்மாஸும் இருந்தன. அதனால் என்னைப் பின்னால் உட்காரச் சொன்னார். வெள்ளை அம்பாசிடர். அப்பா வெள்ளை உடுப்பும் தொப்பியும். பின் சீட்டில் எண்ணெய் வழியத் தலைவாரி, மடியில் மஞ்சள் பையை வைத்துக்கொண்டு நான் மட்டும். ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி ராணி மாதிரி போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் வாந்தி வருகிற மாதிரி இருந்தது, எனக்குக் கார் பழக்கமில்லை.

அன்றைக்குத்தான் ஏதோ ஒரு பெரிய அதிகாரி அடிக்கல் நாட்ட வருகிறார் என்பதோ, வெயில் ஏறுவதற்கு முன்பிருந்தே பிள்ளைகள் ரோட்டில் நிற்கிறார்கள் என்பதோ எங்களுக்கு எப்படித் தெரியும்? கார் வாசலில் நின்றதுதான் தாமதம். பீப்பீ என்று நாதஸ்வரம் கிளம்பியது. கொடிகள் ஆடின. பெரிய வாத்தியார் கோட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையையும் கூப்பினார். வரிசையிலிருந்து பச்சைப் பட்டுப் பாவாடை கட்டிய ஒரு உயரமான பெண் ஓடிவந்து, பின் கதவைத் திறந்து, நான் காலைக் கீழே வைத்ததும் ரோஜா மாலையை என் கழுத்தில் போட்டாள். மாலை என் முழங்காலைத் தாண்டித் தரையைத் தொட்டது. கனம் தாங்காமல் நான் முன்னால் குனிந்தேன். நான் வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அந்தப் பெண்ணுக்கு அறிவில்லையா, ஒரு சின்னப் பெண் இறங்குவது கண்ணில் படவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். அறிவு இருந்தது, சொன்ன பேச்சைக் கேட்கிற பழக்கம் அதைவிட அதிகமாக இருந்தது. பள்ளி திறப்பதற்கு முன்பே பிள்ளைகளை வரவழைத்து ஒரு வாரம் ஒத்திகை நடந்திருக்கிறது. டிரில் மாஸ்டர் பெஞ்சிலிருந்து இறங்குவாராம், அதுதான் கார். பெரிய வாத்தியார் பிரம்பை ஆட்டி ஆட்டிச் சொல்லியிருக்கிறார்: முன் கதவில் இறங்குகிறவன் டிரைவர், பின் கதவில் இறங்குகிறவர்தான் பெரியவர், யார் என்ன என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, பின் கதவில் இறங்கியதும் போடு. அவள் போட்டாள்.

பாட்டும் பாடி முடித்துவிட்டார்கள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமே என்ற நடுக்கத்தோடு பெரிய வாத்தியாரிடம் போய் மெல்லச் சொன்னார்.

"ஐயா, பாப்பாவ ஆறாவது சேக்கணும்."

பெரிய வாத்தியாரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். கூப்பிய கையை எப்படிப் பிரிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் கழுத்திலிருந்து மாலையை உருவி, தண்ணீர் தெளித்து, திரும்பவும் தாம்பாளத்தில் வைத்தார்கள். உச்சி வெயிலில் நிஜமான அதிகாரி ஜீப்பில் வந்தார். ஜீப்பில் அதிகாரிகள் முன் சீட்டில்தான் உட்காருவார்கள் என்பது பெரிய வாத்தியாருக்கே தெரியாது. பின்னால் உட்கார்ந்து வந்தவர் அதிகாரியின் டவாலிச் சேவகர். தலைப்பாகை, மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பளபளவென்று பித்தளை வில்லை. பார்த்தால் அவர்தான் கவர்னர் மாதிரி இருந்தார். அவர் பின்னால் இறங்கினார். பட்டுப் பாவாடைக்காரி ஓடிப்போய் அவர் கழுத்தில் போட்டாள். அந்த மனிதர் அலறியடித்துக்கொண்டு மாலையைக் கழற்றினார். ஒரே மாலை மூன்றாவது கழுத்துக்குப் போவதற்குள் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடந்தே போய்விட்டார்.

மூன்று மணிக்கு பிரேயர் மணி அடித்து எல்லோரையும் நிற்கவைத்து, அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே பிரம்பால் வாங்கு வாங்கென்று வாங்கினார் பெரிய வாத்தியார். பட்டுப் பாவாடையை அவளே தூக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊரில் பட்டுப் பாவாடை இருந்த ஒரே பெண் என்பதால்தான் அவளை மாலை போடத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி செய்ததற்கு அடி.  அவள் அழவில்லை. அடி விழ விழ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் வேண்டாம், மாலைக்காரி என்றே வைத்துக்கொள்வோம். என் வகுப்புதான், ஆனால் எங்களைவிட இரண்டு வயது மூத்தவள். வகுப்பில் அவள் வைத்ததுதான் சட்டம்.

மறுநாள் காலை நான் நடந்துதான் போனேன். வாசலில் ஏழெட்டுப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் வரவேற்புப் பாட்டை ஆரம்பித்தார்கள், ராகம் தாளம் எதுவும் பிசகாமல். மாலைக்காரி முன்னால் வந்து, "வாங்கோ மேடம், வாங்கோ" என்று இடுப்பை வளைத்துக் கும்பிட்டாள். பிறகு ஒரு மாலையைக் கழுத்தில் போட்டாள். எருக்கம்பூ மாலை. பூவுக்குப் பூ நடுவில் நெருஞ்சி முள்ளை வைத்துக் கட்டியிருந்தாள். போட்டுவிட்டு, சரியாக உட்காரட்டும் என்று இரண்டு பக்கமும் தோளில் அழுத்தியும் விட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

குட்டு விழுந்திருந்தால் திருப்பிக் குட்டியிருப்பேன், என் கை அப்படியொன்றும் சும்மா இருக்கிற கை இல்லை. கும்பிடுகிறவளை எப்படி அடிப்பது?

அன்றிலிருந்து என்னை யாரும் வா என்றோ போ என்றோ கூப்பிட்டதில்லை. வாங்க, போங்க, உட்காருங்க. பெஞ்சில் எனக்கு இடம் கிடையாது, ஏனென்றால் சிறப்பு விருந்தினர்கள் பெஞ்சில் உட்கார மாட்டார்களாம். மூலையில் கிடந்த ஒரு கால் ஆடுகிற முக்காலியைத் துடைத்துப் போட்டார்கள், அதில்தான் உட்கார வேண்டும். மத்தியானம் என் டிபன் பாக்ஸை, பெரியவர்கள் சாப்பிடுவதற்கு முன்னால் யாராவது ருசிபார்க்க வேண்டும் என்று வாங்கிப் போய், ருசிபார்த்து முடித்து, காலி டப்பாவை இரண்டு கையாலும் கொடுப்பார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். விளையாட விடவில்லை பாருங்கள், அதுதான் என்னைக் கொன்றது. பாண்டி ஆட ஓடினால், "ஐயோ மேடம், நீங்க ஆடலாமா? குந்திகினு பாருங்கோ, கடைசீல நீங்கதான் பிரைஸு குடுக்கணும்" என்பாள் மாலைக்காரி. ஜெயித்தவள் வந்து முன்னால் நிற்பாள். நான் ஒரு ஓட்டாஞ்சில்லை எடுத்து அவள் கையில் கொடுக்க வேண்டும். எல்லோரும் தட்டுவார்கள்.  கொல்லைப்பக்கம் போய், வேலிக்காத்தான் மறைவில் நின்று அழுதுவிட்டு, கிணற்றடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்குப் போகும்போது சிரித்த முகமாகப் போவேன். என்னை விட்டுவிட்டால் போதும், கூட்டத்தில் ஒருத்தியாகக் கடைசியில் நின்றால் போதும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். எருக்கம்பூ அவருக்குப் பிடித்த பூ. அதனாலோ என்னவோ அவர் வாயே திறக்கவில்லை.

பெரிய வாத்தியாரிடம் சொல்லலாமே என்று தோன்றும். சொல்வதற்கு அவசியமே வைக்கவில்லை அவர். ஒருநாள் காலை அவரே வாசலுக்கு வந்து இந்த மரியாதையை நின்று பார்த்தார். நான் கண்ணாலேயே கெஞ்சினேன், பாருங்க சார், முள்ளைப் பாருங்க என்று. அவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அன்று பிரேயரில் அரைமணி நேரம் விருந்தோம்பலைப் பற்றிப் பேசினார். புதிதாக வந்த ஒரு ஏழைப் பெண்ணை இந்தப் பள்ளியின் குழந்தைகள் எப்படிப் பூப்போட்டு வரவேற்கிறார்கள், மெட்ராஸ் பள்ளிக்கூடங்களில் உண்டா இந்தப் பண்பாடு என்று கேட்டார். மாலைக்காரியைப் பக்கத்தில் கூப்பிட்டு முதுகில் தட்டிக்கொடுத்தார். அதே கைதான் பிரம்பு பிடித்த கை. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இது மாலைக்காரிக்கே சலித்துப்போயிருக்க வேண்டும், எந்த விளையாட்டும் பத்து நாள் தாண்டாது. ஒருநாள் மாலை இல்லாமல் விட்டுவிட்டாள். நான் பிழைத்தேன் என்று உள்ளே நுழைகிறேன், பெரிய வாத்தியார் வராந்தாவிலிருந்து, "என்னம்மா, இன்னிக்கு மாலை இல்லையா? நல்ல பழக்கத்தை விடக்கூடாது" என்று அவளைக் கேட்டுவிட்டார். முடிந்தது. விடியலில் ஏரிக்கரைப் பக்கம் போய் எருக்கு பறித்து, நெருஞ்சி தேடி, நார் கிழித்துக் கட்டிக்கொண்டு வருவது அவளுக்கு வேலையாகிவிட்டது. எருக்கம்பால் பட்டுப் பட்டு அவள் விரல் நுனியெல்லாம் வெந்த மாதிரி ஆகியிருந்தது. என் கழுத்தும் அப்படித்தான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு தினமும் வரவேற்றும் வரவேற்கப்பட்டும் வந்தோம். அவள் கையில் பிரம்பு விழாமல் இருக்க வேண்டும், என் படிப்பு நிற்காமல் இருக்க வேண்டும்.

அம்மா தலை பின்னும்போது பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது, கழுத்து பூரா?"

"வேர்க்குரும்மா."

"வேர்க்குருவா? ஐப்பசி மழ ஊத்திகினு கீது, வேர்க்குருன்றா." சந்தனம் அரைத்துப் பூசினாள். பூசிக்கொண்டே, "யாராவது எதுனா பண்றாங்களா? என்னாண்ட சொல்லு, அவுராண்ட சொல்ல மாட்டேன்" என்றாள். நான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். அம்மாவிடம் சொன்னால் அவள் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய் முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்பாள், அப்பா காதுக்கு அது போகாமல் இருக்குமா?

எப்படியும் போய்விட்டது. சந்தன வாசனைக்கு அப்பா திரும்பிப் பார்த்தார். கழுத்தை நிமிர்த்திப் பார்த்தார். கீறலும் கொப்புளமும் கிடந்ததைப் பார்த்து அவர் முகம் சுண்டிப்போனது. கோபம் அவருக்குக் கத்தலாக வராது, அடங்கித்தான் வரும்.

"போதும். நாளைக்கி நானே வரேன். டி.சி.ய வாங்கிகினு வந்துடலாம்."

அம்மா வாதாடிப் பார்த்தாள். "கழுத்த அறுத்து அனுப்பற எடத்துக்கு எம்பொண்ண அனுப்பச் சொல்றியா?" என்று அப்பா கேட்டதும் அவளும் அடங்கிப்போனாள். கேட்டது நியாயம்தானே.

மறுநாள் முதலாளி ஊரில் இல்லை. அப்பா என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம் எனக்கு ஒரே வேண்டுதல்: இன்றைக்கு மட்டும் மாலை இருக்கக்கூடாது. கழுத்தில் முள்ளோடு அப்பா பார்த்தால் எல்லாம் தீர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் சைக்கிளை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தார் அவர். நான் அதற்குள் ஓடிப்போய் அவர்களைக் கலைத்துவிடலாம் என்று ரோட்டைத் தாண்டினேன். போதாத காலம், ஓடிவருகிற என்னைப் பார்த்ததும் பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். "வேணாம், இன்னிக்கி வேணாம்" என்று கையை ஆட்டினேன். மாலைக்காரி, "மேடத்துக்கு இன்னிக்கி வெக்கமாம்" என்று சொல்லிக்கொண்டே தலை வழியாக மாட்டினாள். மழைக்கு நன்றாகப் பூத்த எருக்கு, மாலை நல்ல பருமன். அப்பா ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

லாரி ஒன்று போனது. அது போன பிறகும் அங்கேயே நின்றார். பிறகு மெல்ல நடந்து வந்தார். வரும்போதே தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அழுகை கண் வரைக்கும் வந்துவிட்டது. அழுதால் போச்சு, அழாவிட்டாலும் போச்சு என்று நிற்கிறேன்.

பெரிய வாத்தியார் பாட்டுச் சத்தம் கேட்டு வெளியே வந்தார். அப்பாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது, எப்படி மறப்பார். "வாங்க. பார்த்தீங்களா? உங்க பொண்ணுக்கு இங்க தினமும் இந்த மரியாதைதான். நாள் தவறினது கிடையாது" என்றார்.

"தெனமுமா சார்?"

"தினமும்."

 காலமெல்லாம் அடுத்தவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட மனிதர் அப்பா. முதலாளி கூட்டங்களுக்குப் போய்த் திரும்பும்போது கழற்றிப் போடுகிற மாலைகளை எடுத்து காரின் முன்னால் கட்டுவது அவர் வேலை. அவர் கழுத்தில் கல்யாணத்தன்று விழுந்த மாலையோடு சரி.

"அன்னிக்கி தப்பா போட்டுட்டாங்கன்னுதான் சார் நான் நெனச்சிகினு கீறேன். பயந்துகினு ஊட்லகூட சொல்லல" என்றார், குரல் உடைந்து. பிறகு என் மாலையைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. எருக்கம்பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "புள்ளையார் பூவு" என்றார். முள் குத்தியது போலிருக்கிறது, விரலை உதறிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என் கழுத்தைப் பார்த்துச் சொன்னதை என் சாவு வரைக்கும் மறக்க மாட்டேன்.

"அதான் அரிச்சிகீது. மாலன்னா அரிக்கத்தாம்மா அரிக்கும். எங்க மொதலாளிக்கும் அப்டிதான், ஒவ்வொரு மீட்டிங்குக்கும் கழுத்து பூரா தடிச்சிபூடும்."

"நீங்க வந்த விஷயம்?" என்று பெரிய வாத்தியார் கேட்டார்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா பாத்துட்டுப் போலாம்னு." டி.சி.யைப் பற்றி வாயே திறக்கவில்லை. "எவ்ளோ வரைக்கும் படிக்குதோ படிக்கட்டும் சார்" என்றார்.  போகிற சமயத்தில் மாலைக்காரியின் முன்னால் நின்று, அவருடைய வயதுக்கு அந்தப் பெண்ணைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார்.

"ரொம்ப சந்தோசம் அம்மாடி. நீ நல்லாக்கணும். வுட்றாத, தெனமும் போடு."

அவள் விரல்களைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "யார்ம்மா இது, உன் ஃபிரண்டா?" என்று அப்பா என்னைக் கேட்டார். ஆமாம்ப்பா என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

வரிசை தானாகக் கலைந்தது. மாலைக்காரி மட்டும் போகவில்லை. நான் மாலையைக் கழற்ற, அது பின்னலில் சிக்கிக்கொண்டது. அவளே வந்து முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.

"உங்கப்பாவாண்ட ஏன் சொல்லல?"

"சொன்னா படிப்ப நிறுத்திடுவாரு. அழுதாக்கூட நிறுத்திடுவேன்னு மொதல் நாளே சொல்ட்டாரு."

"நெஜமாவா?"

"சத்தியமா."

அவள் கையிலிருந்த முள்ளைத் தூர எறிந்தாள். "எங்கூட்ல அழுதாலும் நிறுத்துவாங்க, அழாங்காட்டியும் நிறுத்துவாங்க. எங்க நெலத்தையும் அளந்துட்டுப் பூட்டானுங்க. டப்பு கைக்கு வந்ததும் தையில எனக்குக் கல்யாணமாம். நைனா சொல்ட்டாரு." மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். பிறகு நிஜமாகவே கவலையோடு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் பூட்டேன்னா ஒனக்கு யாருடி மாலை போடுவா?"

அன்று மத்தியானம் முக்காலியைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு, பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். பாண்டியில் என்னைச் சேர்த்துக்கொண்டாள். முதல் ஆட்டத்திலேயே நான் கோட்டை மிதித்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்தாள், மிதிக்கவே இல்லை என்று நானும் விடவில்லை. மாலையை மட்டும் நிறுத்தவில்லை. பெரிய வாத்தியார் ஒருபக்கம், என் அப்பா ஒருபக்கம், அவளால் எப்படி நிறுத்த முடியும்? நெருஞ்சியை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். தினமும் காலையில் வாசலில் போட்டு, உள்ளே போனதும் கழற்றிவிடுவாள். அப்பா அந்தப் பக்கம் கார் ஓட்டிப் போகும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்து எட்டிப் பார்ப்பார் என்று முதலாளியே ஒருமுறை அம்மாவிடம் புகார் சொன்னார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போனேன். வாசலில் யாரும் இல்லை. பெஞ்சில் அவள் இடத்துக்கு வேறு ஒருத்தி நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். 

நான் பொன்னேரிக்கு ரயிலில் போய் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். எங்கள் சொந்தத்தில் அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் நான்தான். படிக்க வைத்தது அப்பா என்று எல்லோரும் சொல்வார்கள், அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா என்பார்கள் விவரம் தெரிந்த சிலர். நான் எதையும் மறுத்ததில்லை. ஆனால் என்னைப் படிக்க வைத்தவள் ஆறாம் வகுப்பையே முடிக்கவில்லை.